மூட்டத்துக்குள் எத்தனை தீ?

கார்த்திகை மாதக் கடைசியில், இரவு பதினோரு மணிவாக்கில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ரோகிணி கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதுவும் பக்கத்து நட்சத்திரங்களும் சேர்ந்து ஒரு கவட்டை மாதிரி கிடக்கும். கவட்டையின் ஒரு நுனி ரோகிணி. மற்ற நுனியிலிருந்து ஒன்றரை பாகை மேற்கே போனால் டி டாரி என்ற மங்கல் விண்மீன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆறங்குலத் தொலைநோக்கியில் ஒரு பொட்டாகத் தெரியும். பக்கத்து வீட்டில் பன்னிரண்டாவது படிக்கும் பையனுக்கு ஒருநாள் அதைக் காட்டினேன்.

"ஒண்ணுதான மாமா தெரியுது?"

"மூணு இருக்குலே."

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். ஒன்றுதான் தெரிந்தது. நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருப்பான்.

அவன் கண்ணில் பழுதில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியே சாதாரண ஒளியில் தேடிப் பார்த்தும் மற்ற இரண்டும் அகப்படவில்லை. அவை தூசிக்குள் கிடக்கின்றன. அவை இருப்பது நமக்குத் தெரிய வந்ததே அகச்சிவப்பில், அதாவது சிவப்புக்கு அப்பாலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒளியில், எடுத்த படங்களால்தான்.

டி டாரியின் கதை 1852-ல் தொடங்குகிறது. ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் என்ற ஆங்கிலேய வானியலாளர் லண்டனிலிருந்து ரிஷப ராசியைத் துழாவிக்கொண்டிருந்தபோது இந்த விண்மீனையும் அதை ஒட்டி ஒரு சிறு மேகத்தையும் பார்த்தார். விண்மீனின் வெளிச்சம் ஒழுங்கில்லாமல் கூடிக் குறைந்தது. 1945-ல் ஆல்ஃபிரட் ஜாய் இதே குணமுள்ள 11 விண்மீன்களைச் சேர்த்து 'டி டாரி வகை' என்று பெயர் வைத்தார். இவை பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆன குழந்தைகள் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டு. அதன் பால்ய காலத்தைப் பார்க்க வேண்டுமா, டி டாரியைப் பாருங்கள் என்று பாடப்புத்தகங்கள் எழுதின.

1982-ல் அகச்சிவப்பில் பார்த்தவர்கள் டி டாரிக்குத் தெற்கே, ஒட்டினாற்போல, இன்னொன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த அதிர்ச்சி 2000-ல் வந்தது. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் எடுத்த அளவீட்டில் அந்தத் தெற்கு விண்மீனும் இரண்டாகப் பிரிந்தது. அவற்றில் ஒன்று சூரியனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறையுள்ளது. மற்றது சூரியனில் பாதிதான். இரண்டும் சுமார் 27 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஆக, ஒற்றைக் குழந்தைக்கு உதாரணமாகக் காட்டிய விண்மீன் கடைசியில் மூன்று பேர் குடும்பம். அதிலும் இரண்டு பேர் திரைக்குப் பின்னால். வகைக்கே பெயர் கொடுத்தவர் அந்த வகையின் சராசரி ஆளே இல்லை.

சரி, திரைக்குப் பின்னால் இருப்பது அகச்சிவப்புக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

விளாத்திகுளம் பக்கம் போனவர்கள் கரிமூட்டம் பார்த்திருப்பீர்கள். சீமைக் கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேலே தழை போட்டு, மண்ணால் பூசி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகும். ராத்திரியில் பார்த்தால் கறுத்த மண்மேடு, அவ்வளவுதான். காவலுக்கு இருந்த அண்ணாச்சி ஒருவர் மண்மேல் புறங்கையை இங்கும் அங்கும் காட்டிக்கொண்டே சொன்னார்: "கண்ணால பாத்தா மண்ணுதான் சார். கைய வச்சாத்தான் தெரியும், தீ எங்க நிக்குன்னு." அவர் சொன்ன பக்கம் நானும் கையை வைத்தேன். சுள்ளென்றது. ஒரு முழம் தள்ளி வைத்தேன், வெதுவெதுப்புதான்.

மண் தீயின் வெளிச்சத்தை மறைக்கிறது. ஆனால் அந்தச் சூட்டை வாங்கித் தானே சூடாகி, தன் சூட்டை வெளியே விடுகிறது. விண்மீனைச் சுற்றியுள்ள தூசியும் இதைத்தான் செய்கிறது. உள்ளே பிறந்த விண்மீனின் ஒளியை விழுங்கி, அகச்சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. எவ்வளவு கனமாக மறைக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் தூசியே ஒளிரும். விண்வெளித் தூசியை வானியலாளர்கள் வெகுகாலம் ஒரு இடைஞ்சலாகவே பார்த்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெயர் அதற்கு அநியாயம். நாளைக்குக் கோளாகப் போகிற சரக்கே அதுதான்.

மூட்டத்துக்கும் தூசி மேகத்துக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. மண் வழியாக வெளிச்சம் கொஞ்சமும் வராது. தூசி வழியாக வரும். விண்வெளித் தூசி என்றால் தேரிக்காட்டு மணல் மாதிரி நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவான துகள்கள். புகை என்றே சொல்லலாம். அறுப்பு முடிந்து வயலில் தாளைக் கொளுத்தும்போது அந்தப் புகைக்குப் பின்னால் சூரியன் செக்கச்செவேல் என்று தெரியும், இல்லையா? குறுகிய அலையான நீலம் புகையில் சிதறிவிடுகிறது. நீண்ட அலையான சிவப்பு தப்பித்து வருகிறது. சிவப்பையும் தாண்டிப் போனால் இன்னும் எளிதாகத் தப்பிக்கும்.

கணக்காகச் சொன்னால்தான் இதன் வீச்சு புரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் வெளியே வருகிற அளவுக்குத் தூசி இருக்கிறது என்று வையுங்கள். அதே தூசி 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டுவிடும். தூசியை இரட்டிப்பாக்கினால் கண்ணுக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் வரும், அதாவது ஒன்றுமே வராது. 2.2 மைக்ரானிலோ அப்போதும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வந்துவிடும்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை 1800-ல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். முப்பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார், பாதரசம் ஏறியது. அதே ஹெர்ஷல்தான் மூன்று வருஷம் கழித்து, 1803-ல், ஜோடியாகத் தெரியும் சில விண்மீன்கள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று காட்டினார். இந்த இரண்டு கண்டுபிடிப்பும் ஒரே இடத்தில் வந்து சேரும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இரட்டை விண்மீன் என்றதும் அருந்ததியைத்தான் எல்லாரும் இழுப்பார்கள். நம் பக்கத்தில் அதைவிட நல்ல கதை இருக்கிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ரிஷோ என்ற பிரெஞ்சு பாதிரியார், தற்செயலாக ஆல்ஃபா சென்டாரியின் பக்கம் திரும்பி அது இரண்டு விண்மீன் என்று கண்டார். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் அது. திருநெல்வேலியிலிருந்து வைகாசி இரவுகளில் தெற்கே இருபது பாகை உயரத்தில் தாராளமாகப் பார்க்கலாம். டெல்லிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எந்த அலைநீளத்தில் பார்த்தால் என்ன தெரியும் என்பதைச் சூடுதான் முடிவு செய்கிறது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அது அகச்சிவப்புமானி. 37 டிகிரி உடம்பின் வெப்ப ஒளி சுமார் 9 மைக்ரானில் உச்சமாக இருக்கும். விண்மீனுக்கு மிக நெருக்கமாக, ஆவியாகிப்போகிற விளிம்பில் நிற்கும் தூசியின் சூடு 1,200 டிகிரி செல்சியஸ் போல இருக்கும். அது 2 மைக்ரானில் பளிச்சிடும். கொஞ்சம் தள்ளி, நம் ஊர் விடியற்காலைச் சூட்டில் இருக்கும் தூசி 10 மைக்ரானில் தெரியும். இன்னும் வெளியே, உறைந்து கிடக்கும் தூசியைப் பார்க்க அகச்சிவப்பும் பத்தாது. மில்லிமீட்டர் அலைக்குப் போக வேண்டும்; சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை அந்த வேலையைச் செய்கிறது. ஒரே பொருளை மூன்று அலையில் எடுத்த மூன்று படமும் மூன்று வேறு இடங்களைக் காட்டும்.

இதில் படம் பார்ப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. 1, 2 மைக்ரான் படங்களில் தெரியும் மேகமும் வளையமும் பெரும்பாலும் தூசியின் சொந்த ஒளி இல்லை. விண்மீனின் ஒளி தூசியில் பட்டுத் தெறித்து வருவது, லாரி விளக்கில் மார்கழிப் பனி தெரிகிற மாதிரி. விண்மீனை ஒட்டிக் கொதிக்கும் தூசியைத் தவிர, மற்ற தூசி தன் சூட்டில் ஒளிர்வதை 10 மைக்ரானுக்குப் போன பிறகுதான் பார்க்கிறோம். பத்திரிகையில் வரும் ஆரஞ்சும் நீலமும் நாம் பூசியவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய்யில்லை, நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வழக்கமாக ஒரு ஒழுங்கோடுதான் பூசுகிறார்கள்.

அப்புறம், பார்ப்பது ஒன்று, பிரித்துப் பார்ப்பது வேறு.

பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று வரும். ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பிரிப்பார்கள். ஒரு ரூபாய் நாணயத்தை நாலரை கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அது ஒரு விகலை அகலம். திருநெல்வேலி ஜங்ஷனில் நின்றுகொண்டு பாளையங்கோட்டையில் கிடக்கும் ரூபாயைப் பார்க்கிற கணக்கு. டி டாரிக்கும் அதன் தெற்குத் துணைக்கும் இடையே 0.7 விகலைதான். அந்தத் தெற்குத் துணை இரண்டாகப் பிரிந்ததே, அந்த இடைவெளி கண்டுபிடித்தபோது 0.05 விகலை. அதற்கு அதே ரூபாயைக் கன்னியாகுமரியில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இதற்குக் குறுக்கே நிற்பது காற்று. நண்பகலில் நாற்கரச் சாலையில் தார் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் வானம் முழுவதும் மெல்லிசாக அப்படித்தான் நெளிகிறது. நல்ல மலையுச்சியிலும் விண்மீன் அரை விகலை, ஒரு விகலைக்குக் கலங்கிவிடும். இதை ஏமாற்ற மூன்று வழி கண்டுபிடித்தார்கள்.

ஒன்று, காற்று நெளிவதற்குள் படம் எடுத்துவிடுவது. விநாடியில் மிகச் சிறு பகுதிக்குள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கணக்குப் போட்டுச் சேர்த்தால் கலங்கல் போய்விடும். ஆண்ட்ரியா கெஸ் என்ற அமெரிக்க வானியலாளர் தன் முனைவர் பட்டத்துக்காக 1990களின் தொடக்கத்தில் ரிஷபத்திலும் விருச்சிகத்தின் பக்கத்திலும் அறுபதுக்கு மேற்பட்ட டி டாரி வகை விண்மீன்களை 2.2 மைக்ரானில் இப்படித்தான் படம்பிடித்தார். கை பழகிய அந்த முறையைப் பிறகு நம் விண்மீன் மண்டலத்தின் மையத்துக்குத் திருப்பினார். அங்கே கருந்துளையைச் சுற்றும் விண்மீன்களைத் தொடர்ந்து கவனித்ததற்காக 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. கருந்துளைக் கதை எல்லாருக்கும் தெரியும். அதன் பயிற்சிக்களம் இந்த ஜோடி விண்மீன்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இருபத்தேழு மனைவியரில் சந்திரன் ரோகிணி வீட்டிலேயே தங்கிவிட்டான் என்று புராணம் சொல்லும். தங்கினானோ இல்லையோ, மாதம் ஒருமுறை அந்த வழியாகத்தான் போகிறான். போகிற போக்கில் பின்னாலிருக்கும் விண்மீன்களை மறைக்கிறான். நிலவின் விளிம்பு வானத்தில் விநாடிக்கு அரை விகலை போல நகர்கிறது. ஒற்றை விண்மீன் என்றால் ஒளி ஒரே வீழ்ச்சியில் அணையும். ஜோடி என்றால் முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று படிபோல இறங்கும். அந்த இரண்டு படிக்கும் நடுவே உள்ள நேரத்தை, விநாடியின் நூறில் ஒரு பங்கு சுத்தமாக, அளந்தால் போதும். பெரிய தொலைநோக்கியும் தேவையில்லை. ராஜஸ்தானில் அபு மலையில் உள்ள 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியிலும் நிலவு மறைப்பை வைத்து நுண்ணிய அளவீடுகள் செய்திருக்கிறார்கள். ரிஷபமும் விருச்சிகமும் நிலவின் பாதையில் அமைந்தது, அங்கேயே குழந்தை விண்மீன்கள் கொட்டிக் கிடப்பது, இரண்டும் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

மூன்றாவது, இப்போது பெரிய தொலைநோக்கிகளில் எல்லாம் இருக்கும் நெளியும் கண்ணாடி. காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறதோ அதற்கு எதிர்க்கோணலாக ஒரு மெல்லிய கண்ணாடி விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெளிந்து கொடுக்கும். அலை நீளமாக நீளமாக இந்த வேலை எளிது. அதனால்தான் இந்த நுட்பம் முதலில் அகச்சிவப்பில் ஜெயித்தது.

காற்று தாண்டினால் அடுத்த தொல்லை சூடு. 10 மைக்ரானில் தொலைநோக்கியின் குழாயும் வானமும் சேர்ந்து ஒளிர்கின்றன. தீப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மின்மினி தேடுகிற கதைதான். காற்றில் உள்ள ஈரம் வேறு அகச்சிவப்பின் பல பட்டைகளை விழுங்கிவிடும். பொதிகையில் தொலைநோக்கி வைத்தால் என்ன என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சாரலுக்கு மலை வேண்டும் என்றால் சரி. அகச்சிவப்புக்கு லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே மாதிரி வறண்டு கிடக்கிற ஊர்தான் தோது. அதுவும் போதாதபோது விண்வெளிக்கே போக வேண்டியதுதான். 2021 டிசம்பர் 25-ல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்து அடுக்குத் திரையின் நிழலில் நிற்கிறது. நம் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் எஞ்சின் சோதனைக்கு வைத்திருக்கும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. வெப்பில் நீண்ட அலைகளைப் பார்க்கும் கருவியை அதைவிடக் குளிர வைத்திருக்கிறார்கள்: சுமார் மைனஸ் 266.

இவ்வளவு பாடுபட்டுப் பார்த்ததில் தெரிந்தது என்ன?

முதலில், ஜோடி என்பது விதிவிலக்கு இல்லை. 1990களின் தொடக்கத்தில் கெஸ் உட்பட சில குழுக்கள் தனித்தனியாக எண்ணிப் பார்த்ததில், ரிஷபத்துக் குழந்தை விண்மீன்களிடையே ஜோடிகள், சூரியனின் அக்கம்பக்கத்தில் உள்ள வளர்ந்த விண்மீன்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. அப்படியானால் எல்லாரும் ஜோடியாகப் பிறந்து பிறகு பிரிகிறார்களா? அவசரப்பட வேண்டாம். ஓரியன் நெபுலா என்ற, விண்மீன்கள் பிறக்கும் மேகத்தில் எண்ணினால் அந்தக் கூடுதல் காணவில்லை. ரிஷபம் ஆள்நடமாட்டம் குறைந்த கிராமம். ஓரியன் நெபுலா நெரிசலான பட்டணம். நெரிசலில் இடிபட்டு ஜோடிகள் பிரிகின்றன என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. எப்படியானாலும் ஒற்றைச் சூரியனும் அதைச் சுற்றித் தூசியும் வாயுவும் சேர்ந்த ஒரு தட்டும் என்று பள்ளிப் புத்தகத்தில் போடுகிற படம் பாதிக் கதைதான்.

இரண்டாவது, ஜோடி இருந்தால் தூசியின் போக்கே மாறிவிடுகிறது. ரிஷபத்தில் ஜிஜி டாரி என்று ஒன்று. நடுவில் இருக்கும் இரண்டுக்கும் இடைவெளி பூமி-சூரியன் தூரத்தைப்போல சுமார் 35 மடங்கு. நெப்டியூன் நம் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அவற்றைச் சுற்றி ஒரு பெரிய தூசி வளையம். அது பூமி-சூரியன் தூரத்தைப்போல 180 மடங்கில் தொடங்கி 260 வரை அடர்த்தியாக இருக்கிறது. நடுவே பெரிய வெற்றிடம். களத்தில் பிணையல் மாடு சுற்றச் சுற்ற வைக்கோல் ஓரத்துக்கு ஒதுங்குமே, அப்படி இரண்டு விண்மீன்களின் ஈர்ப்பு உள்தூசியை வெளியே தள்ளிவிடுகிறது. இந்த வளையத்தை நெளியும் கண்ணாடி வைத்து அகச்சிவப்பில் படம் எடுத்து 1996-ல் வெளியிட்டார்கள்.

கணக்குப்படி வெற்றிடம் ஜோடியின் இடைவெளியைப்போல இரண்டு மூன்று மடங்குதான் இருக்க வேண்டும். இங்கே ஐந்து மடங்கு. ஏன் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. விண்மீன்களின் சுற்றுப்பாதை வளையத்துக்குச் சாய்ந்திருந்தால், நமக்குத் தெரிவதைவிட அசல் இடைவெளி பெரிதாக இருக்கலாம். 2014-ல் இன்னொரு திருப்பம்: அந்த இரண்டில் ஒன்றும் இரண்டாகப் பிரிந்தது. அதே வருஷம் அல்மாவில் எடுத்த படத்தில், வெளி வளையத்திலிருந்து வெற்றிடத்தின் குறுக்கே உள்ளே வாயு ஒழுகுவது தெரிந்தது. மடை அடைத்த பிறகும் கசிகிற வாய்க்கால் மாதிரி, உள்ளே இருக்கும் சிறு தட்டுகளுக்கு அதுதான் தீனி. அந்தக் கசிவு இல்லாவிட்டால் உள்தட்டுகள் சீக்கிரம் வற்றிப்போயிருக்கும்.

எச்.கே. டாரியில் வேறு சங்கதி. இரண்டு விண்மீனுக்கும் தனித்தனித் தட்டு. ஒன்று நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது. அகச்சிவப்பில் பார்த்தால் நடுவே ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலும் கீழும் ஒளிக்கீற்று. இட்லித் தட்டைக் கண்மட்டத்துக்குப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. 2014-ல் அளந்ததில் இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று 60 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தன. ஒரே மேகத்தில் பிறந்தவை ஒரே மட்டத்தில் சுற்றும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது இடித்தது. நேர்மாறாக 2024-ல் வெப் காட்டிய டபிள்யூ.எல். 20 என்ற கூட்டத்தில், அதுவரை ஒன்று என்று நினைத்தது இரட்டைப் பிள்ளையாகத் தெரிந்தது. இரண்டும் வாயுத் தாரையை ஒன்றுக்கொன்று இணையாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. தாரையை வெப்பின் அகச்சிவப்பும், தட்டுகளை அல்மாவும் காட்டின. கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் மேகத்தில் இருக்கிறது இந்தக் கூட்டம்.

ஜோடியாக இருந்தால் கோள் பிறக்காது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2011-ல் அறிவித்த கெப்ளர்-16பி என்ற கோள், சனி அளவு பெரியது, இரண்டு சூரியனையும் சேர்த்து 229 நாளில் சுற்றி வருகிறது.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது ரோகிணி மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. மாசி மாதம் வந்தால் தெற்கே ஒன்று காட்டுகிறேன் என்றேன். வெப் 2023 ஜூலையில் படம் எடுத்து வெளியிட்ட எச்.எச். 46/47 அந்தத் திசையில் இருக்கிறது: ஒரு குழந்தை ஜோடி, இரு பக்கமும் தாரை, 1,470 ஒளியாண்டு தூரம். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு, கன்னியாகுமரிப் பக்கம் பார்த்து நின்றால் முப்பது பாகை உயரம்.

"தெரியுமா மாமா?"

"தெரியாதுலே. இடத்தத்தான் காட்ட முடியும்."